ஒரு டாலர் வாடகையில் முப்பது ஆண்டுகள்: கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸின் சிக்கானோ கலை மையம் எதைக் காத்தது, எதை இழந்தது

நிகழ்வு சுருக்கமாக

கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் 1970இல் ஒரு கார் ஷெட்டில் தொடங்கிய அமைப்பு 'செல்ஃப் ஹெல்ப் கிராஃபிக்ஸ் அண்ட் ஆர்ட்'. சுமார் முப்பது ஆண்டுகள் அது இயங்கிய கட்டடம் 2008இல் வேறு கைக்கு விற்கப்பட்டது. மையம் 2011இல் இடம் மாறியது, 2018இல் சொந்தக் கட்டடம் வாங்கியது. அச்சுக்கூடம் இன்றும் ஓடுகிறது. ஆனால் ஊரே அடையாளம் சொன்ன அந்தப் பழைய கட்டடமும் அதன் மொசைக் சுவரும் மையத்தின் கையை விட்டுப் போய்விட்டன.

ஒரே அமைப்பின் மரபில் ஒரு பகுதி பத்திரமாகவும் இன்னொரு பகுதி கைநழுவியும் போனது ஏன் என்பதே இந்த ஆய்வின் கேள்வி. சமூகக் கலை மையம், நாடகக் குழு, நூலகம், சிறு பதிப்பகம் என்று எதையாவது நடத்துகிறவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும் என்று நம்புகிறேன். தொடக்ககாலத்தில் முக்கியமாக இருந்தவர்கள் வரலாற்றில் இடம்பெற்றவர்கள் என்பதால் அவர்கள் பெயரைச் சொல்கிறேன். பின்னால் வந்த இயக்குநர்கள், நிர்வாகக் குழுவினர், கட்டடத்தை வாங்கியவர் ஆகியோரின் பெயர்கள் பாடத்துக்குத் தேவைப்படவில்லை, அதனால் விட்டுவிட்டேன்.

பின்னணி

சிக்கானோ என்பது அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வம்சாவளியினரில் பலர் 1960களில் அரசியல் உணர்வோடு ஏற்றுக்கொண்ட பெயர். 1968இல் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வகுப்பை விட்டு வெளியேறிப் போராடினார்கள். 1970 ஆகஸ்ட் 29 அன்று வியட்நாம் போருக்கு எதிராக நடந்த பெரும் ஊர்வலத்தில் காவல்துறை புகுந்தது. பத்திரிகையாளர் ரூபன் சலசார் அன்று கொல்லப்பட்டார். அந்த ஆண்டுகளில் கலிஃபோர்னியா முழுக்கச் சிக்கானோ கலை மையங்கள் முளைத்தன. சான் ஃபிரான்சிஸ்கோவில் கலேரியா தெ லா ராசா, சான் டியாகோவின் பல்போவா பூங்காவில் பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்றுக்குள் சென்ட்ரோ குல்சுரல் தெ லா ராசா, சாக்ரமென்டோவில் ராயல் சிக்கானோ ஏர் ஃபோர்ஸ் என்ற ஓவியர் கூட்டம். அருங்காட்சியகங்கள் இவர்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. சரி, நாமே இடம் பிடிப்போம் என்று இறங்கினார்கள்.

செல்ஃப் ஹெல்ப் கிராஃபிக்ஸைத் தொடங்கியவர்களில் நடுநாயகமாக இருந்தவர் கேரன் பொக்கலேரோ என்ற பிரான்சிஸ்கன் சபைக் கன்னியாஸ்திரீ. அவர் இத்தாலிய வம்சாவளி, சிக்கானோ அல்ல. இமாகுலேட் ஹார்ட் கல்லூரியில் கொரீட்டா கென்ட்டிடம் படித்தவர். பாப் நிறங்களிலும் எழுத்துகளிலும் போர் எதிர்ப்பு அச்சுப் படங்களைச் செய்து புகழ்பெற்ற அதே கொரீட்டா கென்ட்தான். ஸ்க்ரீன் பிரிண்டிங்கின் மேல் கேரனுக்கு இருந்த பிடிப்புக்கு வேர் அங்கே இருக்கிறது. மெக்சிகோவிலிருந்து வந்திருந்த கார்லோஸ் புவேனோ, அந்தோனியோ இபான்யெஸ் என்ற இரண்டு ஓவியர்களும் ஃபிராங்க் ஹெர்னாண்டசும் இன்னும் சிலரும் கூட இருந்தார்கள். 1971இல் எல் மெர்காதோ என்ற கடைத்தொகுதியில் முதல் கண்காட்சி வைத்தார்கள். சபையும் பிறரும் தந்த உதவியால் கார் ஷெட்டிலிருந்து பக்கத்திலிருந்த பாயில் ஹைட்ஸ் பகுதியில் ஒரு பெரிய அறைக்கு மாறினார்கள்.

1970களின் தொடக்கத்திலேயே மெக்சிகோவின் இறந்தோர் நாளைப் பொதுவிழாவாக நடத்தத் தொடங்கினார்கள். எவர்கிரீன் கல்லறைத் தோட்டத்திலிருந்து எலும்புக்கூடு வேடமிட்டு ஊர்வலம், பலிபீடங்கள், வெட்டுத்தாள் அலங்காரம், சர்க்கரை மண்டையோடு. அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் பலருக்கு அந்த விழாவே அப்போதுதான் அறிமுகமானது. கிராங்க், பாட்ஸி வால்டெஸ், வில்லி ஹெரோன், ஹாரி கம்போவா ஆகியோர் சேர்ந்த அஸ்கோ என்ற சிக்கானோ கலைக்குழு அதில் பங்கெடுத்தது. 1975இல் ஒரு வேனைக் கலைக்கூடமாக மாற்றி, பாரியோ மொபைல் ஆர்ட் ஸ்டூடியோ என்ற பெயரில் பள்ளி பள்ளியாகக் கொண்டுபோனார்கள். (பாரியோ என்றால் ஸ்பானிய மொழி பேசுவோர் வாழும் குடியிருப்புப் பகுதி.)

கட்டடம் வந்த விதம்

1970களின் கடைசியில் மையம் புரூக்ளின் அவென்யூவும் கேஜ் அவென்யூவும் சந்திக்கும் முனையில் இருந்த ஒரு கட்டடத்துக்குப் போனது. (புரூக்ளின் அவென்யூவுக்கு 1990களில் விவசாயத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸின் பெயர் வைக்கப்பட்டது.) 1920களில் எழுந்த கட்டடம் அது. மையத்துக்கு வரும்போது கத்தோலிக்கத் திருச்சபையின் சொத்தாக இருந்தது. வாடகை ஆண்டுக்கு ஒரு டாலர்.

இந்த ஒரு டாலரைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அது உண்மையான கொடை. வாடகைக்குப் போகவேண்டிய பணம் மையும் தாளும் வாங்கப் போனது, அச்சு வல்லுநருக்குச் சம்பளமாகப் போனது. மேல்மாடியில் கலைஞர்களுக்கு வேலைசெய்ய இடம் கிடைத்தது. கீழே கலேரியா ஓத்ரா வெஸ் என்ற காட்சிக்கூடம் வந்தது. 1980இல் மாடி அரங்கில் வெக்ஸ் என்ற பங்க் இசை மேடைகூட நடந்தது. தங்கள் ஊரிலேயே மேடை கிடைக்காமல் இருந்த கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் இசைக்குழுக்கள் அங்கேதான் வாசித்தன. ஒரு நிகழ்ச்சியின்போது உள்ளே இருந்த கலைப்படைப்புகள் சேதமானதோடு அது அங்கே நின்றது. வாடகைச் சுமை இல்லாததால்தான் இத்தனை சோதனைகளைச் செய்து பார்க்க முடிந்தது. மெச்சிகானோ ஆர்ட் சென்டர் போன்ற சக மையங்கள் 1970களைத் தாண்டவில்லை.

அதே ஒரு டாலர் வேறொன்றையும் மறைத்து வைத்தது. அந்த ஏற்பாட்டின் பலம் ஒரு கன்னியாஸ்திரீக்கும் திருச்சபைக்கும் இருந்த உறவு. மையம் என்ற அமைப்புக்கு அந்தக் கட்டடத்தில் உரிமை என்று எதுவும் இல்லை. முப்பது ஆண்டுகளில் மையம் அந்தக் கட்டடத்துக்குச் சேர்த்த மதிப்பு எல்லாம், சட்டப்படி பார்த்தால், இன்னொருவரின் சொத்தில் சேர்ந்த மதிப்பு.

அதில் மிகப் பெரியது மொசைக். எதுவார்தோ ஒரோபெசா என்ற கலைஞர் கட்டடத்தின் வெளிச்சுவரை உடைந்த பீங்கான் சில்லுகளாலும் வண்ண ஓட்டுத் துண்டுகளாலும் மூடினார். மங்கலான பழைய வணிகக் கட்டடம் வெயில் பட்டால் மினுங்கும் கட்டடம் ஆயிற்று. வழி சொல்பவர்கள் அதைத்தான் அடையாளமாகச் சொன்னார்கள்.

அச்சுக்கூடத்தின் முறை

1982-83இல் மையம் தன் வாழ்வின் மிக முக்கியமான வேலையைத் தொடங்கியது. பெயர், எக்ஸ்பெரிமென்டல் ஸ்க்ரீன்பிரிண்ட் அட்டெலியர். அட்டெலியர் என்றால் கலைப்பட்டறை. முதலில் அழைக்கப்பட்டவர்களில் ஒருவர் கிராங்க்.

கல்யாணப் பத்திரிகையும் பனியனில் படமும் அச்சிடும் அதே ஸ்க்ரீன் பிரிண்டிங்தான் அடிப்படை. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்க்ரீன், ஒன்றின் மேல் ஒன்றாக அடிக்க வேண்டும். அட்டெலியரில் கலைஞரும் கைதேர்ந்த அச்சு வல்லுநரும் சேர்ந்து உட்கார்ந்து வேலை செய்வார்கள். நல்ல, அமிலமற்ற தாளில், எண்ணிட்டுக் கையொப்பமிட்ட பிரதிகள் வரும். அதில் ஒரு பங்கு கலைஞருக்கு, மறு பங்கு மையத்துக்கு. மையத்தின் பங்கை விற்றுத்தான் அடுத்த அட்டெலியர் நடந்தது. ஸ்க்ரீன் பிரிண்டிங் தெரியாத ஓவியர்களும் சிற்பிகளும் வந்து கற்றுக்கொண்டு போனார்கள். இரேய்னா செர்வாண்டஸ், டயான் கம்போவா, பாட்ஸி வால்டெஸ் என்று பலர் அங்கே அச்சிட்டிருக்கிறார்கள். பிற்பாடு பெண்களுக்கென்று தனி அட்டெலியரும் வந்தது.

இந்த முறை பணத்துக்காகவும் பயிற்சிக்காகவும் வந்தது. ஆனால் பாதுகாப்பு என்ற கோணத்தில் பார்த்தால் அது செய்த உதவிக்கு ஈடே இல்லை. ஓர் எண்ணெய் வண்ண ஓவியம் எரிந்தால் போயே போய்விடும். சுவரோவியத்தை ஒரே நாளில் வெள்ளையடித்து மறைக்கலாம். அதே லாஸ் ஏஞ்சல்ஸில் மெக்சிகோ ஓவியர் டேவிட் சிகெய்ரோஸ் 1932இல் வரைந்த 'அமெரிக்கா ட்ரோபிகால்' அப்படித்தான் மறைக்கப்பட்டது, 2012இல்தான் மக்கள் அதைத் திரும்பப் பார்க்க முடிந்தது. அச்சுப் படத்தின் நிலை வேறு. அதே படம் கலைஞர் வீட்டில், மையத்தின் அலமாரியில், வாங்கியவர் சுவரில், ஒரு கல்லூரியின் சேகரிப்பில் என்று ஒரே நேரத்தில் பல இடங்களில் இருக்கும்.

முதல் முக்கிய முடிவு: ஆவணங்களை வெளியே அனுப்புவது

1980களின் பிற்பாதியில், கேரன் பொக்கலேரோ பொறுப்பில் இருந்தபோதே, மையம் தன் ஆவணங்களையும் அச்சுப் பிரதிகளையும் சாண்டா பார்பராவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுக்கத் தொடங்கியது. அங்குள்ள கலிஃபோர்னியா இன, பன்பண்பாட்டு ஆவணக் காப்பகத்தில் அவை சேர்ந்தன. கடிதங்கள், மானிய விண்ணப்பங்கள், விழா அறிவிப்புத் தாள்கள், புகைப்படங்கள், ஸ்லைடுகள், அச்சுப் படங்கள்.

எளிதான முடிவு அல்ல இது. சாண்டா பார்பரா, கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கடற்கரை நகரம். பேருந்துக்குக் காத்திருக்கும் பாரியோ மக்கள் தங்கள் படத்தைப் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா? கதவைச் சாத்தி வைத்திருந்த நிறுவனங்களின் கையிலேயே எல்லாவற்றையும் கொடுப்பதா? நியாயமான கேள்விகள்தான்.

ஆனாலும் அந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். விழாவும் கச்சேரியும் பயிற்சியும் அச்சும் ஒரே கூரைக்குக் கீழே நடக்கும் பழைய கட்டடத்தில், வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்திய அறை ஒன்றை வைப்பது அவர்கள் கைக்கு எட்டாத செலவு. ஸ்லைடு நிறம் மங்கும், தாள் மஞ்சளாகும், எலிக்கும் தண்ணீருக்கும் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். மேலும் அதே காப்பகத்தில் கலேரியா தெ லா ராசா, சென்ட்ரோ குல்சுரல் தெ லா ராசா, ராயல் சிக்கானோ ஏர் ஃபோர்ஸ், எல் தெயாத்ரோ கம்பெசினோ நாடகக் குழு ஆகியவற்றின் ஆவணங்களும் சேர்ந்தன. ஒரே மேசையில் பல ஊர்களின் இயக்கத்தை வைத்துப் பார்க்கிற வசதி ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது. சிக்கானோ அச்சுக்கலை பற்றிப் பின்னாளில் வந்த ஆய்வுகளும் கண்காட்சிகளும் இதை நம்பி எழுந்தவை. ஸ்லைடுகளில் ஒரு பெரும் பகுதி பிறகு டிஜிட்டலாக்கப்பட்டு, பல்கலைக்கழக இணையதளத்தில் யாரும் பார்க்கும்படி வந்ததால் தூரம் பற்றிய குறையும் ஓரளவு தீர்ந்தது.

இந்த முடிவு எடுக்கப்பட்ட நேரத்தைக் கவனியுங்கள். மையத்துக்கு எந்த நெருக்கடியும் வராத காலத்தில், எல்லாவற்றையும் அறிந்த ஒருவர் உயிரோடு இருந்தபோது, எந்தத் தாள் எதற்கு என்று சொல்ல ஆள் இருந்தபோது கொடுத்தார்கள். கட்டடம் கைவிட்டுப் போகும் அவசரத்தில் அட்டைப்பெட்டிகளில் அள்ளிப்போட்டுக் கொடுத்திருந்தால் பாதி அர்த்தம் போயிருக்கும்.

1997 முதல் 2005 வரை

1997இல் கேரன் பொக்கலேரோ திடீரென்று காலமானார். அறுபதுகளில்தான் இருந்தார். மானியம் தருகிறவர்கள், சபை, கலைஞர்கள், அக்கம்பக்கம் எல்லாரோடும் இருந்த தொடர்பு அவர் வழியாகவே ஓடிக்கொண்டிருந்தது. அடுத்து வந்த இயக்குநர் சில ஆண்டுகள் மையத்தை நடத்தினார், அட்டெலியர்கள் தொடர்ந்தன, விழாவும் தொடர்ந்தது. உள்ளே பண நெருக்கடி வளர்ந்தது.

2005 கோடையில் நிர்வாகக் குழு மையத்தை மூடியது. பணத் தட்டுப்பாடும் கட்டடத்தின் நிலைமை பற்றிய கவலையும் காரணமாகச் சொல்லப்பட்டன. கலைஞர்களுக்கு முன்கூட்டி எதுவும் தெரியவில்லை. கூட்டம் கூடினார்கள், கோபமாகக் கேள்வி கேட்டார்கள், நிர்வாகக் குழுவை மாற்றக் கோரினார்கள். இங்கே நடந்த ஒன்றை நான் மிகவும் மதிக்கிறேன். வந்தவர்களில் பலர் இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் அங்கே அச்சிட்டவர்கள், பிள்ளைப் பருவத்தில் அந்த வேனில் வண்ணம் தொட்டவர்கள். கேட்டுவிட்டுப் போகவில்லை, நின்று வேலை செய்தார்கள். தன்னார்வலர்களும் புதிய குழுவுமாகக் கதவு மறுபடியும் திறந்தது. மையத்திடம் சொத்து என்று சொல்ல எதுவும் இல்லாத நாளில் அதைத் தூக்கி நிறுத்தியது இந்த மனிதர்கள்தான்.

ஆனால் 2005இல் எல்லாருடைய கவனமும் நிர்வாகக் குழு மேல் இருந்தது. கட்டடம் யாருடையது, எந்த ஒப்பந்தத்தின் பேரில் இருக்கிறோம் என்பது அந்தக் கொந்தளிப்பில் தீர்க்கப்படாமலே கிடந்தது.

2008: விற்பனை

2007இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கத்தோலிக்க மறைமாவட்டம், பாலியல் துன்புறுத்தல் வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்களுக்கு 66 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அதற்காகச் சொத்துகள் பலவற்றை விற்கும் ஏற்பாடுகள் நடந்த காலம் அது. 2008இல் செல்ஃப் ஹெல்ப் கிராஃபிக்ஸ் இருந்த கட்டடம் ஒரு தனியார் முதலீட்டாளருக்கு விற்கப்பட்டது. விற்பனை முடிந்த பிறகே மையத்துக்கு விஷயம் தெரிந்தது என்பது அன்று கலைஞர்களைக் காயப்படுத்திய விஷயம்.

அப்போது மையத்தின் முன் இருந்த வழிகள் குறைவு. வாங்கியவரிடமிருந்து கட்டடத்தைத் திரும்ப வாங்கலாம், ஆனால் 2008 பொருளாதாரச் சரிவின் நடுவே அவ்வளவு பணம் திரட்டுவது நடக்காத காரியம். சந்தை வாடகை கொடுத்து அங்கேயே இருக்கலாம், அதற்கு அச்சுக்கூடத்தின் பணம் கரையும். கட்டடத்துக்காகப் போராட்டம் நடத்தலாம். அல்லது கிளம்பலாம்.

சில காலம் அங்கேயே தாக்குப்பிடித்துவிட்டு, கிளம்புவது என்று முடிவெடுத்தார்கள். சுவரைக் காப்பதா, அச்சுக்கூடத்தைக் காப்பதா என்ற கேள்வி வந்தபோது அச்சுக்கூடத்தைத் தேர்ந்தார்கள் என்று சொல்லலாம். பலருக்கு இது மனம் ஆறாத முடிவு. அந்த மொசைக்கை விட்டுவிட்டுப் போவது கேரனையே விட்டுவிட்டுப் போவது போல இருந்திருக்கும். எனக்கு இந்த முடிவு சரியாகவே படுகிறது: அங்கே புதிய படம் அச்சாவது நின்றுபோயிருந்தால், மினுங்கும் சுவர் மட்டும் மிஞ்சிய ஒரு நினைவிடம்தான் கிடைத்திருக்கும்.

மொசைக்கைச் சட்டம் காப்பாற்றாதா? கலிஃபோர்னியாவில் 1979ஆம் ஆண்டின் கலைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 1990இல் வந்த கூட்டாட்சிச் சட்டமும் இருக்கிறது. கென்ட் ட்விட்செல் என்ற ஓவியர், லாஸ் ஏஞ்சல்ஸில் தன் சுவரோவியத்தை 2006இல் அறிவிப்பில்லாமல் பூசி மறைத்ததற்கு எதிராக வழக்குப் போட்டு, 2008இல் 11 லட்சம் டாலர் சமரசத் தொகை பெற்றார். ஆனால் மாநிலச் சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. கட்டடத்திலிருந்து சேதமில்லாமல் பிரித்தெடுக்க முடியாத படைப்பாக இருந்தால், கட்டட உரிமையாளர் கையெழுத்திட்டுப் பதிவு செய்த எழுத்துப்பூர்வமான ஆவணத்தில் உரிமை ஒதுக்கி வைக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் கலைஞர் அந்த உரிமையை விட்டுக்கொடுத்ததாகவே கொள்ளப்படும். சிமென்டில் பதித்த பீங்கான் சில்லுகளைச் சேதமில்லாமல் பிரித்தெடுப்பது எப்படி? அப்படி ஒரு தாளை எழுதிப் பதிவு செய்ய ஏற்ற நேரம், கட்டடம் நட்பான கைகளில் இருந்த காலம்.

2011: இடமாற்றம், மீண்டும் அதே ஆபத்து

2011இல் மையம் சுமார் 5 கிலோமீட்டர் மேற்கே, பாயில் ஹைட்ஸில் ஈஸ்ட் ஃபர்ஸ்ட் ஸ்ட்ரீட்டுக்கு மாறியது. முன்பு கடலுணவுக் கிடங்காக இருந்த கட்டடம், எதிரே மெட்ரோ நிலையம்.

தூரம் குறைவுதான், ஆனால் நிர்வாக எல்லை மாறிவிட்டது. பழைய கட்டடம் இருந்த கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் தனி நகரம் அல்ல, மாவட்ட நிர்வாகத்தின் நேரடிப் பொறுப்பில் உள்ள பகுதி. பாயில் ஹைட்ஸ் லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகரத்துக்குள் இருக்கிறது. இப்படி எல்லை தாண்டினால் யாரிடம் மானியம் கேட்பது, எந்த மக்கள் பிரதிநிதி குரல் கொடுப்பார், எல்லாமே மாறும். இடம் மாற நினைக்கும் எந்த அமைப்பும் வரைபடத்தில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

புதிய கட்டடம் நகர மறுமேம்பாட்டு முகமையின் சொத்து. மாநில அரசு கலிஃபோர்னியா முழுவதும் அத்தகைய முகமைகளைக் கலைத்துவிட, 2012 பிப்ரவரியில் அவை இல்லாமல் போயின. அவற்றின் சொத்துகள் விற்றுத் தீர்க்கப்பட வேண்டியவை ஆயின. ஆக, வந்து ஓராண்டு ஆவதற்குள் மையம் மறுபடியும் விற்பனைக்கு வரப்போகும் கட்டடத்தில் குடியிருந்தது. மெட்ரோ பாதை 2009இல் திறந்த பிறகு அந்தப் பகுதியின் நிலமதிப்பும் ஏறிக்கொண்டிருந்தது.

இந்த முறை மையம் காத்திருக்கவில்லை. வாங்கியே தீர்வது என்று இறங்கினார்கள். நகர நிர்வாகத்தோடு பேச்சு, அறக்கட்டளைகள், தனிநபர் நன்கொடை என்று ஆண்டுக்கணக்கில் வேலை நடந்தது. 2018இல் சுமார் 36 லட்சம் டாலருக்குக் கட்டடம் மையத்தின் பெயருக்கு வந்தது. தொடங்கி 48 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதே 2018இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கலேரியா தெ லா ராசா, 46 ஆண்டுகள் இருந்த இருபத்துநான்காம் தெரு மூலையிலிருந்து வாடகை உயர்வால் வெளியேற வேண்டியதாயிற்று. இரண்டும் ஒரே ஆண்டு பிறந்தவை. ஒன்றுக்குப் பத்திரம் கிடைத்த ஆண்டிலேயே மற்றொன்று பெட்டி கட்டியது. கலையின் தரத்திலோ உழைப்பிலோ கலேரியா எந்த வகையிலும் குறைந்ததல்ல.

புதிய இடத்தில் வந்த கேள்வி

பாயில் ஹைட்ஸில் 2016 வாக்கில் கலைக்கூடங்களுக்கு எதிராகக் கடும் போராட்டம் எழுந்தது. வெளியிலிருந்து வரும் காட்சிக்கூடங்கள் வாடகையை ஏற்றி, ஏழைக் குடும்பங்களை வெளியே தள்ளுகின்றன என்பது குற்றச்சாட்டு. அந்தப் போராட்டக்காரர்களில் சிலர் செல்ஃப் ஹெல்ப் கிராஃபிக்ஸையும் விடவில்லை. நீங்கள் யார் பக்கம் என்று நேராகக் கேட்டார்கள்.

கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் மக்களிடமிருந்து பிறந்த மையத்துக்கு அந்தக் கேள்வி கசந்திருக்கும். கேட்டவர்களின் பயம் உண்மையானது என்றே நான் கருதுகிறேன். மரபைக் காக்கும் அமைப்புக்குச் சொந்தக் கட்டடம் வந்தபின், சுற்றியுள்ள வாடகைக் குடும்பங்களுக்கு அங்கே இருக்க முடியாமல் போனால், அந்த மையம் யாருக்காக அச்சிடும்?

என்ன மிஞ்சியது

அச்சுக்கூடம் ஓடுகிறது, புதிய தலைமுறைக் கலைஞர்கள் வருகிறார்கள். இறந்தோர் நாள் விழா தொடர்கிறது. அது இப்போது லாஸ் ஏஞ்சல்ஸ் முழுவதும் பள்ளிகளும் கடைத்தெருக்களும் கொண்டாடும் நாளாகிவிட்டது. நடமாடும் கலை வேனுக்கும் புத்துயிர் கொடுத்தார்கள். ஆவணங்கள் சாண்டா பார்பராவில் இருக்கின்றன. படங்கள் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுன்டி கலை அருங்காட்சியகத்திலும் வேறு பல சேகரிப்புகளிலும் உள்ளன. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகம் 2020இல் சிக்கானோ அச்சுக்கலைக்குப் பெரிய கண்காட்சி வைத்தபோது, இந்த அச்சுக்கூடத்தில் பிறந்த படங்களும் அதில் இருந்தன.

மொசைக் சுவர் இன்னொருவரின் சொத்து. மாடி அரங்கும் அதில் நடந்தவையும் நினைவுகளிலும் புகைப்படங்களிலும் இருக்கின்றன. கேஜ் அவென்யூ முனையில் நடந்தே வந்து அச்சைப் பார்த்துப் போன அக்கம்பக்கத்துக் குடும்பங்களோடு இருந்த அன்றாட உறவுதான் உண்மையில் மிகப் பெரிய இழப்பு. அதற்குக் காப்பகம் கிடையாது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

கட்டடத்தைக் கொடையாகவோ பெயரளவு வாடகைக்கோ பெறும்போது, நட்பு உச்சத்தில் இருக்கும் முதல் ஆண்டிலேயே நீண்டகாலக் குத்தகையை எழுதிப் பதிவு செய்ய வேண்டும். அதில் ஒரு விதி கட்டாயம்: உரிமையாளர் விற்க நினைத்தால், முதலில் மையத்துக்குத் தெரிவித்து, அதே விலைக்கு வாங்க ஒரு கால அவகாசம் தர வேண்டும். ஸிஸ்டர் கேரன் அன்று கேட்டிருந்தால் திருச்சபை மறுத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இப்படிக் கேட்பதை நன்றிகெட்டதனம் என்று நினைத்துக் கூசுகிறவர்களைப் பல அமைப்புகளில் பார்க்கலாம். கொடுப்பவர் மாறுவார், பதவியில் இருப்பவர் மாறுவார் என்பதால்தான் தாள் தேவைப்படுகிறது.

சுவரில் பதிக்கும் எந்தப் படைப்புக்கும், வேலை தொடங்கும் முன்னே கலைஞர், மையம், உரிமையாளர் மூவரும் கையெழுத்திட்ட ஒரு பதிவு வேண்டும். கூடவே நல்ல தரத்தில் புகைப்படங்களும் அளவுகளும். சுவர் போனாலும் அதைத் திரும்பச் செய்ய வழி இருக்கும்.

தலைமை மாற்றத்தை, தலைவர் நலமாக இருக்கும்போதே ஒத்திகை பார்க்க வேண்டும். மானியம் தருகிறவரைச் சந்திக்கப் போகும்போது இரண்டாம் ஆளையும் அழைத்துப் போவது, ஒப்பந்தங்கள் எங்கே இருக்கின்றன என்று மூன்று பேருக்காவது தெரிந்திருப்பது, இவ்வளவுதான் முதல் படி. 1997க்கும் 2005க்கும் இடையில் தேவைப்பட்டது இதுதான்.

ஆவணத்தைக் கொடுத்ததில் நான் மாற்றச் சொல்வது ஒன்றுதான். பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கும்போதே, ஊரில் பார்ப்பதற்கு ஒரு படித்தொகுதியும் ஆண்டுக்கு ஒருமுறையாவது மூலப் பிரதிகளை ஊருக்குக் கொண்டுவந்து காட்டும் ஏற்பாடும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். போக்குவரத்துச் செலவு யாருடையது என்பதையும் அப்போதே எழுதிவிட வேண்டும். எழுதாத செலவைச் சிறிய அமைப்புதான் கடைசியில் சுமக்கும்.

அப்புறம், 2005இல் கூட்டத்துக்கு வந்து நின்றவர்களைப் பற்றி. அவர்களைப் போன்ற பழைய கலைஞர்களுக்கும் மாணவர்களுக்கும் நிர்வாகக் குழுவில் நிலையான இடம் இருக்க வேண்டும். மூடுவது, விற்பது, இடம் மாறுவது ஆகிய மூன்றையும் அவர்களுக்கு முன்கூட்டிச் சொல்லாமல் செய்யக் கூடாது என்று அமைப்பின் விதிகளிலேயே எழுதிவைக்கலாம்.